ஐந்து பிள்ளைகளில் யாரை விடுவது

கொல்கத்தாவின் டாலிகஞ்ச் சினிமா ஸ்டுடியோக்களில் விஜயலக்ஷ்மி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பிஜோயாதி, அதாவது விஜயா அக்கா, என்று வங்காளியில் கேட்க வேண்டும். லைட்பாய் முதல் கதாநாயகி வரை எல்லாருக்கும் அவள் பிஜோயாதிதான். முப்பது வருஷமாக அங்கே கன்டினியுட்டி பார்க்கிறாள். நேற்று எடுத்த காட்சியில் கதாநாயகன் எந்தக் கையில் டீ கிளாஸ் வைத்திருந்தான், அதில் எவ்வளவு டீ இருந்தது, பின்னால் இருந்த ஜன்னலில் எந்தக் கதவு திறந்திருந்தது என்றெல்லாம் குறித்து வைப்பது அவள் வேலை. நாளைக்கு அதே காட்சியைத் தொடரும்போது ஒன்று மாறினாலும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

லேக் மார்க்கெட்டில் அப்பளமும் காப்பிப்பொடியும் விற்ற சுந்தரராஜனின் மூன்றாவது பிள்ளை அவள். விருதுநகரிலிருந்து வந்த குடும்பம். பிறந்து வளர்ந்தது, படித்தது எல்லாம் கொல்கத்தா. கல்லூரி முடித்த சமயம், கடைக்குச் சாமான் வாங்க வரும் ஒரு உதவி இயக்குநர் அம்மாள், பில்லில் இருந்த வங்காளிக் கையெழுத்தைப் பார்த்து யார் எழுதியது என்று கேட்டார். இரண்டு நாளைக்கு ஒருத்தர் லீவு, வந்து எழுதிக் கொடுக்க முடியுமா என்றார். அப்பா யோசித்து, இரண்டு நாள்தானே என்று அனுப்பினார். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

கல்யாணம் ஆனதும் லேக் கார்டன்ஸில் ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிவந்தார்கள். கணவர் சிவராம் பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றபின் சமையலைத் தன் இலாகாவாக எடுத்துக்கொண்டார். விஜயலக்ஷ்மிக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ரசம் மட்டும் அவள்தான் வைப்பாள்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தீபாஞ்சன் வீட்டுக்கு வந்தான். நாற்பது வயதைத் தொடாத இயக்குநர். அவன் எடுத்த இரண்டு படங்களிலும் அவள்தான் கன்டினியுட்டி. கையில் ஒரு ஆங்கிலப் புத்தகம் வைத்திருந்தான். ‘மூன்றாங்கட்டை வீடு’ என்ற தமிழ் நாவலின் மொழிபெயர்ப்பு. எழுதியவர் தவமலர், யாழ்ப்பாணத்துக்காரர், இப்போது நார்வேயில் பெர்கன் நகரத்தில் இருக்கிறார். இதைப் படமாக எடுக்கப் போகிறேன், தமிழிலேயே எடுக்கப் போகிறேன், மூலத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும், நீங்கள் படித்துச் சொல்லுங்கள் என்றான். தமிழ்ப் பிரதியையும் தபாலில் வரவழைத்துக் கொண்டுவந்திருந்தான்.

அவள் நான்கு நாளில் படித்தாள். அவள் கீழே வைத்ததும் சிவராம் எடுத்துக்கொண்டு மூன்று நாளில் படித்தார். அந்த மூன்று நாளும் வீட்டில் சாம்பார் சரியாக அமையவில்லை.

மைல்கல்லை யாழ்ப்பாணத்தில் கட்டை என்பார்கள். ஊருக்கு வெளியே மூன்றாவது கட்டையருகே, நடுவில் முற்றம் வைத்த ஒரு நாற்சார் வீடு. ஒரு தபால்காரர், அவர் மனைவி, ஐந்து பிள்ளைகள். எண்பத்து மூன்றில் தொடங்கி, தொண்ணூற்றைந்தில் ஊரே காலிசெய்துகொண்டு கிளம்பியதில் முடிகிற கதை. மூத்தவன் ஒரு இயக்கத்தில் சேர்கிறான். மூன்றாவது மகன் அதற்கு எதிரான இன்னொரு இயக்கத்தில் சேர்கிறான். இரண்டாவது மகள் டீச்சர், தேடி வருகிறவர்களுக்கெல்லாம் வாசலில் நின்று பொய் சொல்லித் தம்பியையும் அண்ணனையும் காப்பாற்றுகிறவள். நான்காவது கலா. ஐந்தாவது பையனை எல்லாரும் சின்னவன் என்றே கூப்பிடுகிறார்கள், நாவல் முழுக்க அவனுக்கு வேறு பெயரே கிடையாது. ஊரைவிட்டு நடந்து போகும் நாளில், மறந்துபோன சைக்கிளை எடுத்து வருகிறேன் என்று திரும்பிப் போகிறான். அதற்குப் பிறகு அவனைப் பற்றி நாவலில் ஒரு வரியும் இல்லை.

விஜயலக்ஷ்மி வழக்கமாகச் செய்வதைச் செய்தாள். பெரிய சார்ட் தாளை ஒட்டி, வருஷத்துக்கு ஒரு வரிசை, ஆளுக்கு ஒரு கட்டம் போட்டாள். யாருக்கு எந்த வருஷம் என்ன வயசு, யார் எங்கே இருந்தார்கள், யாருக்கு எங்கே காயம், யார் யாரோடு பேசவில்லை எல்லாம் எழுதினாள். சாப்பாட்டு மேஜை ஒரு வாரத்துக்கு அந்தச் சார்ட்டுக்குத்தான் என்று ஆயிற்று. சிவராமும் அவளும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

தீபாஞ்சன் சார்ட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். இரண்டு மணி நேரப் படத்தில் ஐந்து பிள்ளைகள் தாங்காது. பார்க்கிறவனுக்கு யார் மூத்தவன், யார் மூன்றாவது என்று புரிவதற்குள் படம் பாதி போய்விடும். மூன்று போதும். எந்த இரண்டு பேரை விடலாம் என்று நீங்களே சொல்லுங்கள், இந்த வீட்டை உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் இப்போது கொல்கத்தாவில் கிடையாது என்றான்.

முப்பது வருஷத்தில் யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. மற்றவர்கள் செய்ததை எழுதி வைக்கத்தான் அவளுக்குத் தெரியும். சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஐந்து அட்டைகளில் ஐந்து பேரையும் எழுதி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். டீச்சர் மகளை எடுத்தால் வாசலில் நின்று பொய் சொல்ல ஆளில்லை. மூன்றாவது மகனை எடுத்தால் சண்டை வீட்டுக்கு வெளியேதான் நடக்கும், உள்ளே வராது. பிறகு எதற்கு இந்தக் கதை? மூத்தவனை எடுத்தாலும் அதே கதிதான். சின்னவனை எடுத்தால் கடைசியில் அந்த அம்மா ஏன் பாதி வழியில் உட்கார்ந்துகொண்டு நகர மறுக்கிறாள் என்பதற்குக் காரணம் இல்லை. கலாவின் அட்டையை எடுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. திரும்ப வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தாள். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. சார்ட்டில் கலாவின் கட்டத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்திலும் ‘இருக்கிறாள்’, ‘கதவருகே நிற்கிறாள்’, ‘பார்க்கிறாள்’ என்றுதான் தன் கையாலேயே எழுதியிருந்தாள். காயம் இல்லை, சண்டை இல்லை. நாவலில் அவளோடு யாரும் உட்கார்ந்து பேசுவதுகூட இல்லை.

நாவலை எழுதியவருக்கு என்ன வயசு என்று பின்னட்டையில் பார்த்தாள். கலாவின் வயசோடு கணக்குச் சரியாக வந்தது. எழுதியிருப்பது சொந்த வீட்டுக் கதை. கலாதான் தவமலர்.

அட்டையை மேஜை டிராயரில் போட்டு மூடிவிட்டாள். தீபாஞ்சனிடம், இன்னும் யோசிக்கிறேன் என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல உடன்பிறந்தவர்களோடு வீடியோ கால். அண்ணன் ஜெயபிரகாஷ் மும்பையில், தங்கை செல்வராணி சென்னையில், அக்காவும் தம்பியும் வேறு ஊர்களில். அப்பா போனபிறகு கடையை மூடிவிட்டார்கள், பேசுவதற்கு விஷயமும் குறைந்துவிட்டது. உடம்பு எப்படி, மழை எப்படி என்று கேட்டுப் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அன்றைக்கு அவள் தன் சங்கடத்தைச் சொன்னாள். நம்ம வீட்டைப் படம் எடுத்தா யாரை விடலாம் என்று விளையாட்டாகத்தான் கேட்டாள்.

அண்ணன் யோசிக்கவே இல்லை. “என்னைத்தான் விடணும். பத்தொம்பது வயசுல ரயில் ஏறினேன். அப்பாகூடக் கடையில நின்னது நீங்கதானே,” என்றார்.

செல்வராணிக்குக் கோபம் வந்துவிட்டது. அண்ணன் மும்பையிலிருந்து அனுப்பிய பெட்டியில்தான் தன் முதல் கடிகாரம் வந்தது, அந்த ஆளை எப்படி விடமுடியும் என்றாள். விடுவதென்றால் தம்பியை விடலாம், அவனால் வீட்டில் உபத்திரவத்தைத் தவிர வேறு என்ன என்றாள். தம்பி பதிலுக்கு ஒரு பழைய கதையை எடுத்தான். அக்கா மீனாக்ஷி அதைத் திருத்தினாள். யார் ஊறுகாய் ஜாடியை உடைத்தது, யார் அடி வாங்கியது என்பதிலேயே ஒன்றரை மணி நேரம் போயிற்று. யாரையும் விடமுடியவில்லை. பேசி முடித்ததும் சிவராம், உங்க வீட்டு ஆளுங்க இவ்வளவு பேசுவாங்கன்னு எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாது என்றார். அடுத்த வாரம் அவளுக்கு முன்னாலேயே அண்ணன் எல்லாரையும் வீடியோவில் கூப்பிட்டுவிட்டார்.

ஆனால் தீபாஞ்சனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் அவன் தவமலரோடு பேச ஏற்பாடு செய்துவிட்டான். ஒரு மத்தியானம் ஜாதவ்பூரில் அவன் அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள். திரையில் தவமலர் வந்தார். முதியோர் இல்லமொன்றில் வேலை; ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் சீருடையோடே உட்கார்ந்திருந்தார். நரைத்த தலையை இறுக்கி முடிந்திருந்தார். தீபாஞ்சன் ஆங்கிலத்தில் மரியாதையாக, சுற்றிவளைத்து, பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியிருப்பதை விளக்கினான். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு விஜயலக்ஷ்மியின் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார்.

“அவர் சொல்லுறது எனக்கு விளங்குது. நீங்கள்தான் சார்ட் போட்டனீங்கள் எண்டு சொன்னவர். நீங்கள் என்ன நினைக்கிறியள்?”

விஜயலக்ஷ்மி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். முப்பது வருஷத்தில் எத்தனையோ பெரிய நடிகர்களிடம் நீங்கள் தப்பாகச் செய்தீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். இது வேறு.

“ரெண்டு வாரமா ஒவ்வொருத்தரா எடுத்துப் பாத்தேங்க. யாரை எடுத்தாலும் வீடு நிக்கல,” என்றாள்.

“ஒருவரை எடுத்தால் நிக்கும். சொல்லுங்கோ, நான் கோவிக்க மாட்டன்.”

“கலா,” என்றாள் விஜயலக்ஷ்மி, குனிந்த தலையோடு.

இணைப்பு போய்விட்டதோ என்று தீபாஞ்சன் கம்ப்யூட்டரைத் தொட்டான். தவமலர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தார்.

“சரியாச் சொன்னியள். நான் அந்த வீட்டிலை பாத்துக்கொண்டுதான் நிண்டனான். நாவலிலை பாக்க ஒரு ஆள் வேணும், அதுதான் அவளை வைச்சன். உங்களுக்குப் பாக்கிறதுக்குக் கமரா இருக்குதானே? என்னை எடுத்துவிடுங்கோ.” பிறகு சிரிப்பு போய்விட்டது. “ஆனால் சின்னவனை விடாதையுங்கோ. அவன்ரை போட்டோ ஒண்டுகூட எங்களிட்டை இல்லை. வேறை எங்கையும் அவன் இல்லை.”

விஜயலக்ஷ்மி அதைத் தீபாஞ்சனுக்கு வங்காளியில் சொன்னாள். ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அவன் கையிலிருந்த பேனாவை மூடினான். நான்கு பிள்ளைகள் என்றே வைத்துக்கொள்வோம், நாவலில் வரும் சித்தப்பாவையும் பக்கத்து வீட்டையும் குறைத்துக்கொள்கிறேன் என்றான்.

அன்றையிலிருந்து அவனும் அவளும் சேர்ந்து திரைக்கதை எழுதினார்கள். அவன் ஆங்கிலத்திலும் வங்காளியிலும் காட்சி எழுதுவான், அவள் வசனத்தைத் தமிழில் எழுதித் தவமலருக்கு அனுப்புவாள். அவர் பஸ்ஸிலிருந்தும் வேலை இடைவேளையிலும் யாழ்ப்பாணத் தமிழில் வாய்ஸ் மெசேஜாகத் திருப்பி அனுப்புவார். லேக் மார்க்கெட் தமிழில் இத்தனை நாள் பேசி வந்த விஜயலக்ஷ்மிக்கு இது புதுப் பாடம். ‘பேசுறது’ என்றால் அங்கே திட்டுவது, சாதாரணமாகப் பேசினால் ‘கதைக்கிறது’. முதல் வரைவில் அவள் எழுதியிருந்த ‘அப்பா அம்மாகிட்ட பேசினார்’ என்பதைக் கேட்டுவிட்டு, எங்கடை அப்பா அம்மாவை ஒருநாளும் பேசினதில்லை என்று தவமலர் பாதி கோபமாகவே பதில் அனுப்பினார். விஷயம் விளங்கியபின் அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். டிசம்பருக்குள் அவர் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். அவள் தவம் என்று கூப்பிட்டாள்.

ஜனவரியில் ஷூட்டிங். டயமண்ட் ஹார்பருக்கு அப்பால், நடுவில் முற்றம் வைத்த ஒரு பழைய வீடு கிடைத்தது. சுற்றிலும் பனைமரங்கள். கிணறு மட்டும் இல்லை, குளம்தான் இருந்தது. ஆர்ட் டிபார்ட்மெண்ட் ஆட்கள் தரைக்கு மேலே வளையம் கட்டி ஒரு பொய்க் கிணறு செய்தார்கள். நடிகர்கள் சென்னையிலிருந்து வந்தார்கள். அம்மாவாக நடித்தவர் அன்னக்கிளி என்ற நாடக நடிகை. அறுபது வயசு, அதிகம் பேசமாட்டார்.

கலா நின்ற இடத்தில் கேமராவை வைப்பது என்று முடிவு. அப்படியானால் எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று விஜயலக்ஷ்மி கேட்டாள். எண்பத்து மூன்றில் கலாவுக்கு ஒன்பது வயசு, தொண்ணூற்றைந்தில் இருபத்தொன்று. தீபாஞ்சன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான், பிறகு கேமராமேனைக் கூப்பிட்டான். அந்த இரவே தவமலரிடம் உயரம் கேட்டு வாங்கினார்கள். பத்து வயசில் கதவுத் தாழ்ப்பாள் மூக்குக்கு நேரே இருந்தது என்று அவர் சொன்னதைக் கொண்டு, தாழ்ப்பாளை டேப்பால் அளந்து கணக்குப் போட்டார்கள். படத்தில் இல்லாத அந்தப் பெண்ணுக்கும் விஜயலக்ஷ்மியின் நோட்டில் ஒரு பத்தி இருந்தது. ஒவ்வொரு காட்சிக்கும் அதில் அங்குலம் எழுதினாள்.

ஊரைவிட்டுக் கிளம்புகிற காலையில் அந்த அம்மா முற்றத்தைக் கூட்டுகிறாள். திரும்பி வரப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் கூட்டுகிறாள். அன்னக்கிளி கூட்டிக்கொண்டே பின்னோக்கி வந்தார். கேமராவுக்குக் கிட்டே வந்ததும் நிமிர்ந்து திரும்பி, நேராக லென்ஸைப் பார்த்து, “தள்ளி நில்லு பிள்ளை,” என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து கூட்டிக்கொண்டு போனார்.

அது வசனத்தில் இல்லை. கேமராவைப் பார்க்கவே கூடாது என்று நடிகர்களுக்குச் சொல்லியிருந்தது. தீபாஞ்சன் கட் சொன்னான். அன்னக்கிளி பதறிப்போய், வாயில வந்திருச்சு தம்பி, இன்னொரு வாட்டி போகலாம் என்றார். இன்னொரு தடவை எடுத்தார்கள், அது சுத்தமாக இருந்தது. எந்த டேக் என்று எழுத விஜயலக்ஷ்மி பேனாவை எடுத்தபோது தீபாஞ்சன் இரண்டாவது என்றான். அவள் எழுதவில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் அந்தப் பெண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை, இதை விட்டுவிடாதே என்றாள். முப்பது வருஷத்தில் ஒரு இயக்குநரிடம் அவள் மாற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் மானிட்டரில் இரண்டையும் போட்டுப் பார்த்தான். சரி, எழுதுங்கள் பிஜோயாதி என்றான். முதல் டேக் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

படம் இந்த வருஷம் முடிந்தது. கொல்கத்தாவில் ஒரு சின்ன அரங்கில், வேலை செய்தவர்களுக்காகப் போட்டுக் காட்டினார்கள். தவமலர் அதற்காகவே வந்தார். ஹோட்டல் பதிவு செய்திருந்தார்கள்; விஜயலக்ஷ்மி அதை ரத்து செய்துவிட்டு வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். முதல் நாள் சிவராம் மீன்குழம்பு வைத்துவிட்டு, யாழ்ப்பாணத்துக்காரரிடம் மீன்குழம்பு காட்டுவதா என்று கவலையோடு நின்றார். தவமலர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கொஞ்சம் உறைப்புக் காணாது, அதாவது காரம் போதாது, என்று மட்டும் சொன்னார்.

அரங்கில் இரண்டு பேரும் அருகருகே உட்கார்ந்தார்கள். பெயர்கள் ஓடும்போது, திரைக்கதை என்ற இடத்தில் தீபாஞ்சன் பெயருக்குப் பக்கத்தில் விஜயலக்ஷ்மி என்று தமிழிலேயே வந்தது. சிவராம் ஃபோனில் அதைப் படமெடுக்கப் பார்த்து, ஃப்ளாஷ் அடித்து, பின்வரிசையில் திட்டு வாங்கினார். சின்னவன் சைக்கிளுக்காகத் திரும்பி ஓடுகிற காட்சியில் தவமலர் அசையாமல் இருந்தார். அழவில்லை. நல்ல பெடியன், அந்த ஓட்டம் அவன்ரைதான் என்று மெல்லச் சொன்னார்.

அதற்கு முன்னாலேயே, முற்றம் கூட்டும் காட்சியில்தான் அவர் உடைந்துபோயிருந்தார். திரையிலிருந்து அந்த அம்மா அவரைப் பார்த்து, தள்ளி நில்லு பிள்ளை என்றதும், விஜயலக்ஷ்மியின் கையைப் பிடித்து அழுத்தினார். படம் முடியும்வரை விடவில்லை. சின்னவன் ஓடியபோதும் அந்தக் கை அங்கேதான் இருந்தது.

வெளியே வந்து டீக்கடையில் நின்றார்கள். மண் குவளை சூடாக இருந்தது. தீபாஞ்சன் கொஞ்சம் தள்ளி நின்று, ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தான். நல்லாச் செய்திருக்கிறியள், அம்மாவே வந்து நிண்ட மாதிரி இருந்தது என்றார் தவமலர். பிறகு விஜயலக்ஷ்மியின் காதருகே வந்தார்.

“ஒண்டு சொல்லலாமோ அக்கா? அம்மா இடக்கைக்காரி. இடக்கையாலைதான் கூட்டுவா.”

விஜயலக்ஷ்மி குவளையைக் கீழே வைத்தாள். “நாவல்ல அப்படி எங்கயும் இல்லையே தவம்.”

“எழுதேல்லை. வீட்டிலை எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், அதை எழுத வேணும் எண்டே தோன்றேல்லை.”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது தவமலர்தான். விஜயலக்ஷ்மிக்குச் சிரிப்பு வர இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. வீட்டுக்குப் போகிற வழியில் டாக்ஸியில்கூட அவள் இரண்டு தடவை, நான் கேட்டிருக்கணும், உயரம் கேட்டேன், கையைக் கேக்கல என்று சொன்னாள்.

தவமலர் மேலும் ஒரு வாரம் இருந்தார். கரியாஹாட்டில் புடவை வாங்கினார், வீட்டுக்குப் பக்கத்து ஏரியைச் சுற்றி நடந்தார். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் செல்வராணியோடு அறிமுகமாகி, விஜயலக்ஷ்மியைத் தள்ளிவிட்டு அவரே முக்கால் மணி நேரம் கதைத்தார். விஜயலக்ஷ்மிக்கு அடுத்த திங்கட்கிழமை ஒரு வங்காளி சீரியலில் வேலை தொடங்கியது. காலையில் அவள் நோட்டை எடுத்துப் பையில் வைக்கும்போது தவமலர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். சிவராம் அடுப்பில் இட்லிக்குத் தண்ணீர் வைத்திருந்தார். சத்தம் போடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு, டாலிகஞ்ச் ஆட்டோ வரிசைக்கு அவள் இறங்கிப் போனாள்.